மச்சக்கல் தரையை அளந்தவன்

குருபரப்பள்ளிப் பக்கம் முள்ளும் பாறையுமாகக் கிடந்த கரட்டுக்கு முதல் வழி வெட்டியவன் நான். லாரி ஏறாது என்றார்கள், ஏற்றிக் காட்டினேன். கிரேன் வாங்க வக்கில்லாத காலத்தில் சங்கிலியும் உருட்டுக்கட்டையும் வைத்து, வீடு அளவு கல்லைக் கீழே இறக்கினேன். கரண்டு வராது என்ற இடத்தில் கம்பம் நட வைத்தேன். தண்ணீர் இல்லாத காட்டில் கல் அறுக்கும் பட்டறை போட்டேன். ஓசூரில் கல்யாண மண்டபம், பெங்களூரில் பெரிய பெரிய கம்பெனி வாசல், கப்பல் ஏறி வெளிநாடு, எங்கெல்லாம் என் கல் போயிருக்கிறது என்று எனக்கே தெரியாது. கடைசியாக இந்த வீட்டைக் கட்டினேன். தரை, சுவர், படி எல்லாம் என் கரட்டுக் கல். திருட்டுப் பயத்துக்கு வாசலில் இரும்பு மடக்குக் கேட் போட்டேன். பூட்டின் மேல் யாரும் கை விட்டு நெம்ப முடியாதபடி தகட்டில் ஒரு பெட்டி செய்து, பக்கத்தில் நின்று வெல்டு வைக்கச் சொன்னேன். உலகத்தில் எந்தக் கொம்பனும் அதைத் திறக்க முடியாது.

அந்தக் கேட்டுக்குள்தான் இப்போது என்னைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. வாத்தியார் தெலுங்குக்காரர், பக்கத்தில் உட்கார்ந்தவன் கன்னடக்காரன், புத்தகம் மட்டும் தமிழ். எழுத்துக் கூட்டக் கற்றது பஸ் போர்டிலும் லாரி முதுகிலும்தான். இருந்தாலும் இதை நானே எழுதுகிறேன். ஏன் எழுத வேண்டி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

குளித்துவிட்டு ஈரக் காலோடு கூடத்துக்கு வந்தேன். பாலீஷ் போட்ட தரை. கண்ணாடி மாதிரி முகம் தெரிய வேண்டும் என்று கேட்டு வாங்கிய பாலீஷ். கால் வழுக்கி, இடுப்பு எலும்பு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து முடுக்கினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது ஒன்றுதான்: “ஸ்ட்ரெயின் பண்ணிக்காதீங்க.” அன்றையிலிருந்து பார்க்கிற ஆளெல்லாம் அதையே சொல்கிறார்கள். மகன் சொல்கிறான், மருமகள் சொல்கிறாள், பால்காரன் சொல்கிறான்.

மகனுக்கு ஓசூரில் வண்டிக் கம்பெனியில் வேலை. மருமகளுக்குப் போனுக்குள் வைக்கும் சாமான் செய்கிற கம்பெனி. இரண்டு இடத்திலும் உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டு பேரும் காலையில் கம்பெனி வேனில் ஏறினால் சாயங்காலம்தான். முதலில் என்னைப் பூட்டவில்லை. நான்தான் ஒரு நாள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு, கரடு எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று ஹைவே வரை போய்விட்டேன். ஒரு லாரி டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, என்னைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து வீட்டில் விட்டான். அதற்கப்புறம் பூட்டு. சாப்பாடு ஹாட் பாக்ஸில், தண்ணீர் சொம்பில், நான் கேட்டுக்குள்ளே.

அந்தக் கம்பிக்குப் பின்னால் நின்றால் ஹைவே தெரியும். அதற்கு அந்தப் பக்கம் என் கரடு தெரியும். கரடு என்று சொல்லக் கூடாது, பாதிக் கரடு. நான் வெட்டிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. லைசென்ஸ் முடிந்துபோய் யாரும் இறங்குவதில்லை. மற்ற பாதியை உடைத்து ஏதோ கம்பெனிக்கு இடத்தை மேடாக்கக் கொண்டுபோனார்கள். பட்டறையும் கைமாறிவிட்டது. நான் ஒருவன் அந்தக் கரட்டில் இருந்தேன் என்பதற்கு மிச்சம் இந்தத் தரைதான்.

அந்தத் தரையையும் மூடப் போவதாக மகன் சொன்னான். வழுக்காத டைல்ஸ் வாங்கி வந்து, கேட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் அடுக்கி வைத்துவிட்டான்.

“இது என்ன கல்லுன்னு தெரியுமாடா ஒனக்கு?” என்றேன்.

“தெரியும்பா. உன்னக் கீழ தள்ளுன கல்லு.”

“வழுக்கனது என் காலுடா. கல்லு என்னா பண்ணுச்சி?”

“சரி. காலுக்கு டைல்ஸ் ஒட்ட முடியாது. தரைக்கித்தான் ஒட்ட முடியும்.”

என் வாய் அப்படியே அவனுக்கு வந்திருக்கிறது. மேஸ்திரி வரும்வரை இருக்கட்டும் என்று கூடம் முழுக்க ரப்பர் பாய் விரித்துவிட்டுப் போனான்.

மேஸ்திரி வருவதற்கு முந்தின நாள் காலை, வேன் போய் வெயில் ஏறிய நேரம், கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். தலையில் தொப்பி, தோளில் பை, பைக்குள்ளிருந்து சுத்தியல் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

“மேஸ்திரி நாளைக்கித்தான வர்றன்னாரு?” என்றேன்.

“நான் மேஸ்திரி இல்லைங்கய்யா. காலேஜுல பாறையப் பத்திப் பாடம் எடுக்கேன். உங்க குவாரியப் பாக்கலாம்னு வந்தா, ஒரே தண்ணியால்லா கெடக்கு.”

“திருநெல்வேலிப் பக்கமா?”

“ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சிய?”

“எங்கிட்ட வேலை செஞ்சவன்ல பாதிப் பேரு அந்தப் பக்கந்தாம்மா. நாலு வார்த்த பேசுனா ஊரச் சொல்லிருவன்.”

டீக்கடையில் விசாரித்திருக்கிறார். அந்தக் கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் பெரியவர் வீட்டுக்குப் போங்கள், காலுக்குக் கீழே கிடக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

“வேற என்னா சொன்னாங்க?”

அந்த அம்மா கொஞ்சம் தயங்கினார். “பெரியவரு ஒண்ணு கேட்டா ஒம்பது சொல்வாரு, சாப்பிட்டுட்டுப் போங்கன்னாவ.”

“அவனுக்கு டீக்கட வச்சிக் குடுத்ததே நான்தான். அதச் சொன்னானா?”

“இல்லைய்யா. கதவத் தொறக்கியளா?”

“தொறக்க முடிஞ்சா நான் எதுக்கும்மா கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கறன்?”

சாவி இரண்டு. ஒன்று மகனிடம், ஒன்று மருமகளிடம். இரண்டும் ஓசூர் போய்விட்டன. அந்த அம்மா பூட்டைப் பார்த்தார், தகட்டுப் பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “இதப் போட்டவன் படுபாவி” என்றார். நான் பேச்சை மாற்றினேன்.

எதற்காக இந்தக் கல் என்று கேட்டேன். இந்தக் கரடெல்லாம் ஷியர் ஸோன் என்றார். ஷியரிங் மிஷின் எனக்குத் தெரியும், ஓசூரில் தகடு வெட்டுவது என்றேன். கிட்டத்தட்ட அதுதான், ஆனால் இங்கே வெட்டவில்லை, இழுத்திருக்கிறது என்றார். மனுசனே இல்லாத காலத்தில், பூமிக்கு வெகு ஆழத்தில், இந்தப் பக்கத்து நிலம் ஒரு திசையும் அந்தப் பக்கத்து நிலம் எதிர்த் திசையுமாக நகர்ந்ததாம். நடுவில் மாட்டிக்கொண்ட பாறை சூட்டில் இளகி, இரண்டுக்கும் நடுவில் தேய்ந்து நீண்டதாம்.

“களி உருண்டைய ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு, ஒரு கைய முன்னால, ஒரு கையப் பின்னால இழுத்துப் பாருங்க. அப்படி.”

“அப்ப நான் அந்தப் பாறை மாதிரி” என்றேன். “மகன் ஒரு பக்கம் இழுக்கறான், இடுப்பு ஒரு பக்கம் இழுக்குது. நடுவுல மாட்டிக்கினன்.”

அவர் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, பாய் விலகித் தெரிந்த ஒரு முழத் தரையைக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கல் சாம்பல் நிறம். சில கல்லில் அங்கங்கே கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கும். நாங்கள் மச்சம் என்போம். மச்சம் விழுந்த கல்லை எந்த வியாபாரியும் தொடமாட்டான். ஒரு தடவை பெரிய பிளாக் ஒன்று, துறைமுகம் வரை போனது, மச்சம் என்று திரும்பி வந்தது. ஊரே சிரித்தது. அந்த ஒரே பிளாக்கை அறுத்துத்தான் இந்த வீடு முழுக்கப் போட்டேன். கூடத்துக்கு நீளவாக்கில் அறுத்தது, சுவரில் இடுப்பு உயரத்துக்கு அதே பிளாக்கின் பக்கவாட்டு, மிச்சத் துண்டைக் குறுக்கே அறுத்து வாசல் படி. கேட்டவர்களிடம் ஸ்பெஷல் ஆர்டர் என்றேன்.

இதைச் சொன்னதும் அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

“ஒரே பிளாக்கா? நெசமாவா? மூணு பக்கமுமா?”

பிறகுதான் விவரம் சொன்னார். அந்த மச்சமெல்லாம் ஆதியில் உருண்டையாக இருந்தவை. இழுபட்டு முட்டை மாதிரி, வெள்ளரிக்காய் மாதிரி ஆகியிருக்கின்றன. நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று நிறைய மச்சங்களை அளந்தால் பாறை எத்தனை மடங்கு இழுபட்டது என்று கணக்குப் போடலாம். அதற்கு மூன்று பக்கத்து வெட்டும் வேண்டும். மலையில் அப்படி வழவழப்பாக, ஒன்றுக்கொன்று நேர்குத்தாக மூன்று முகம் கிடைக்காது. பள்ளத்திலோ தண்ணீர்.

“அந்த இழுபட்டதுக்குப் பேருதான் ஸ்ட்ரெயின்” என்றார்.

“அத மட்டும் பண்ணிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா.”

இப்போது சிரித்தார். நாளைக்கு வரட்டுமா என்று கேட்டார். தாழ்வாரத்து டைல்ஸ் பெட்டிகளைக் காட்டினேன். அவர் முகம் விழுந்துவிட்டது. நாளைக்கு இந்நேரம் கூடத்தில் பசை தடவியிருப்பார்கள். அந்த அம்மா வெளியே படியை அளக்கலாம். கைக்கெட்டும் ஒரு முழத் தரையை அளக்கலாம். மீதியெல்லாம் என்னோடு உள்ளே பூட்டிக் கிடந்தது.

“ஸ்கேல இப்படிக் குடும்மா” என்றேன்.

“வேண்டாங்கய்யா. விழுந்துட்டா நான் உள்ள வரவும் முடியாது.”

“கல்லு அளக்கறதுல எனக்குச் சமானம் இந்த ஜில்லாவுல ஆளு கெடயாது. குடு.”

இரும்பு ஸ்கேலும் சாக்பீஸும் கம்பி வழியாக வந்தன. ரப்பர் பாயைக் காலால் தள்ளிச் சுருட்டினேன். வாக்கரைப் பிடித்து, சுவரைப் பிடித்து, நல்ல காலை மடக்கி, மெதுவாகத் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எழுந்திருக்க முடியாது. வாக்கரைப் பிடித்து ஒரு தம் கட்டிப் பார்த்தேன். இடுப்பு உள்ளே நெருப்பாக எரிந்தது. வாக்கர் சறுக்கிக்கொண்டு சுவர் வரைக்கும் போய்விட்டது.

“என்னங்கய்யா? முடியலையா?”

“நான் சொல்றத எழுதும்மா.”

“யாரையாவது கூப்பிடுதேன். பூட்ட ஒடைக்கச் சொல்லுதேன்.”

“அத ஒடைக்க முடியாது. போட்டது நான்.”

அவர் கம்பியைப் பிடித்து ஒரு தடவை உலுக்கிப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

உட்கார்ந்தபடியே நகர்ந்தேன். கையை ஊன்றி ஒரு நகர்வு, ஒரு மச்சம், நீளம், குறுக்கு, சாக்பீஸில் ஒரு புள்ளி. எத்தனை வருஷமாக இதன் மேல் நடந்திருக்கிறேன், ஒரு மச்சத்தையும் குனிந்து பார்த்ததில்லை. எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன, ஆற்றில் தண்ணீர் போகும் திசைக்குப் பாசி படுத்திருப்பது மாதிரி. தரை சில்லென்று இருந்தது. மின்விசிறி ஸ்விட்ச் எட்டவில்லை. சொம்புத் தண்ணீர் மேஜை மேல் இருந்தது, அதுவும் எட்டவில்லை. அந்த அம்மா தன் பாட்டிலைக் கம்பிக்குள் விட்டு உருட்டினார். அது நேராக என் மடிக்கு வந்தது. பாலீஷ் அப்படி.

கூடம் முடிந்து சுவரில் கைக்கெட்டியதையும் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் அந்த அம்மாவிடமிருந்து சத்தமில்லை.

“எழுதறியாம்மா, தூங்கிட்டியா?”

“எழுதுதேன். ஆனா ஒண்ணு இடிக்கி. பெரிய மச்சமெல்லாம் மூணரை மடங்கு, நாலு மடங்கு நீண்டுருக்கு. சின்ன மச்சமெல்லாம் ஆறு மடங்கு, ஏழு மடங்கு வருது. ஒரே பாறை, ஒரே இழுப்பு. சின்னத மட்டும் எதுக்கு அப்படி இழுக்கணும்?”

“சின்னதுன்னா எல்லாரும் இழுக்கத்தாம்மா செய்வாங்க.”

“ஐயா, கேட்டுக்கிட்ட வாங்க. நம்ம ரெண்டு பேரு கையும் எட்டுத ஒரு மச்சத்த ரெண்டு பேரும் அளப்போம்.”

நகர்ந்து வந்தேன். கம்பிக்கு ஒட்டினாற்போல் ஒரு மச்சம். நான் அளந்து நீளம் எட்டு சென்டி, குறுக்கு ரெண்டு என்றேன். ஸ்கேலை வாங்கி, கம்பிக்குள் கையை விட்டு அவர் அளந்தார். ஒன்பது, மூன்று. நான் மறுபடி வைத்தேன். எட்டு, ரெண்டு.

“எங்க இருந்து எங்க வரைக்கும் அளக்கிய?”

“இந்தா, இங்கருந்து இங்க.”

“அதுக்கு அங்கிட்டும் கறுப்பு இருக்கே?”

“அது கழிவும்மா.”

“என்ன கழிவு?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கல் வியாபாரத்தில் விளிம்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பிளாக்கின் ஓரம் கோணல்மாணலாக இருக்கும். இரண்டு பக்கமும் கழிவு விட்டுத்தான் அளவு சொல்வோம். ஓரம் வரை இழுத்து அளப்பவனைத் திருடன் என்பார்கள். பிளாக்குக்கு ஒரு கை அளவு கழிவு என்றால் மச்சத்துக்கு அரை சென்டி போதும் என்று, ஒவ்வொரு பக்கமும் அரை சென்டி விட்டுத்தான் நான் நியாயமாக அளந்துகொண்டு வந்தேன். யாரும் சொல்லவில்லை. கை அதுவாகவே விட்டது.

“எல்லாத்துலயும் விட்டியளா?”

“ஒண்ணுல விட்டு ஒண்ணுல விடாம இருக்கறதுக்கு நான் என்ன நேத்து வந்தவனா?”

“ஒரே அளவுதானா?”

“என் கைய நீ சந்தேகப்படற.”

அவர் எழுதியதையெல்லாம் திருப்பி, ஒவ்வொரு நீளத்தோடும் குறுக்கோடும் ஒரு சென்டி கூட்டிக்கொண்டே போனார். நான் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். இத்தனை வேதனைப்பட்டு நகர்ந்தது அத்தனையும் வீணோ என்று உள்ளுக்குள் பயம்தான். ஹைவேயில் ஒரு டிரெய்லர் பெரிய மிஷினை ஏற்றிக்கொண்டு ஓசூர் பக்கம் போனது. அது கண்ணுக்கு மறையும்வரை அந்த அம்மா தலை நிமிரவில்லை.

“சரியா வருது” என்றார். “சின்னதும் மூணு மடங்கு. பெருசும் மூணு மடங்கு. நீங்க ஒண்ணுல கொஞ்சம் கூட்டி ஒண்ணுல கொஞ்சம் கொறச்சிருந்தா எல்லாத்தையும் கிழிச்சிப் போட்டுருக்கணும். ஒரே மாதிரி தப்பு பண்ணியிருக்கிய.”

“ஒரே மாதிரி பண்ணா அதுக்குப் பேரு தப்பு இல்லம்மா. மொற.”

“சரிங்கய்யா, மொறதான்” என்றார்.

மிச்சத்தை எப்படி அளக்கட்டும் என்று கேட்டேன். இனி மாற்றினால் குழம்பும், உங்கள் முறையிலேயே அளங்கள் என்றார். அளந்தேன். அவர் படியை அளந்தார். குறுக்கே அறுத்த கல் என்பதால் அங்கே மச்சமெல்லாம் ஏறக்குறைய வட்டமாக இருந்தன. வெள்ளரிக்காயைக் குறுக்கே நறுக்கினால் வட்டம்தானே.

மருமகள் வேனை விட்டு இறங்கி வந்தபோது நான் தரையில், சட்டையெல்லாம் சாக்பீஸ். வெளியே படியில் தெரியாத ஒரு அம்மா. அவள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பதற்றம் வந்தால் அதுதான் முதலில் வரும்.

“ஏமி மாமா இதி” என்றாள். பிறகு தமிழுக்கு வந்தாள். “என்ன மாமா இது? எப்ப வுழுந்தீங்க?”

“வுழுகல. ஒக்காந்தன்.”

“யாரு ஒக்காரச் சொன்னாங்க?” இதை அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

பூட்டைத் திறந்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைத் தூக்கினார்கள். கட்டிலில் போட்டு இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மருமகள் ஒன்று சொன்னாள்: “கேட்டத் தொறந்து வச்சா ரோட்டுக்குப் போறீங்க. பூட்டி வச்சா தரையில உருள்றீங்க. நான் லீவு போட முடியுமா, சொல்லுங்க மாமா.” அவளையும் யாரோ இரண்டு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மகன் வந்ததும் அந்த அம்மாவே எடுத்துச் சொன்னார். இந்தத் தரை எப்பேர்ப்பட்டது, மூன்று முகமும் இப்படி எங்கும் இல்லை என்றெல்லாம். எனக்கு நெஞ்சு நிறைந்தது. இனிமேல் மூடமாட்டான் என்று நினைத்தேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

“எல்லாத்தையும் அளந்துட்டீங்களா மேடம்?”

“ஐயா அளந்து குடுத்துட்டாவ. போட்டோவும் எடுத்தாச்சு.”

“அப்ப உங்க வேலை முடிஞ்சிது இல்லியா?”

“முடிஞ்சிது.”

“சந்தோசம் மேடம். இனி மூடிக்கலாம்.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நான் அளக்காமல் விட்டிருந்தால் ஒருவேளை அவர் நாலு நாள் அவகாசம் கேட்டு நிறுத்தி வைத்திருப்பார். என் கையே வேலையை முடித்துக் கொடுத்து, மேஸ்திரிக்கு வழி விட்டுவிட்டது.

மறுநாள் மேஸ்திரி வந்தார். பசை பிடிக்க வேண்டும் என்று பாலீஷைக் கொத்தினார். அந்தச் சத்தத்தை உள் ரூமில் படுத்துக்கொண்டு கேட்டேன். இப்போது கூடம் முழுக்க வெள்ளையாகச் சொரசொரப்பு டைல்ஸ். வழுக்கவில்லை, அது உண்மை. வாசல் படியும் போனது. சுவர்க் கல் மட்டும் மிச்சம் இருக்கிறது, என் கட்டிலுக்கு எதிரேயும். சுவரில் யாரும் வழுக்கி விழமாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள். அதில் மச்சங்கள் ஒரே பக்கமாகப் படுத்திருக்கின்றன. நானும் அதே பக்கமாகத்தான் படுக்கிறேன். இடுப்பு மறுபக்கம் விடாது.

போன மாதம் அந்த அம்மா போனில் கூப்பிட்டார். கட்டுரை எழுதி முடித்துவிட்டாராம். எங்கள் தரையின் படம் அதில் இருக்கிறதாம், என் சாக்பீஸ் புள்ளிகளோடு. என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவருடைய காலேஜில் வீட்டு ஆள்களின் பெயரைப் போடும் வழக்கம் இல்லையாம். கடைசியில் ஒரு வரி இருக்கிறது என்று தமிழில் சொல்லிக் காட்டினார்: “தரையைப் பார்வையிட அனுமதித்த வீட்டு உரிமையாளருக்கு நன்றி.”

இந்த வீடு இப்போது மகன் பெயரில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்படியானால் நன்றி யாருக்கு? கொத்திப் பசை தடவி மூடியவனுக்கு. நான் யாரையும் அனுமதிக்கவில்லை. அனுமதிக்க என்னிடம் சாவி ஏது?

அதனால்தான் இதை எழுதினேன். அம்மா, அந்த வரியை அடித்துவிடுங்கள். கரட்டுக்கு வழி வெட்டியவன், மச்சம் என்று திரும்பி வந்த பிளாக்கை மூன்று விதமாக அறுத்தவன், பூட்டிய கேட்டுக்குள் தரையில் நகர்ந்து ஒவ்வொரு மச்சமாக அளந்து சொன்னவன் நான். பக்கத்துக்கு அரை சென்டிக் கழிவு விட்டு அளந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள், அது என் முறை. வழக்கம் இல்லை என்று சொல்லாதீர்கள். லாரி ஏறுகிற வழக்கமும் அந்தக் கரட்டுக்கு இல்லாமல்தான் இருந்தது. அளந்தவர் என்று போட்டு, பக்கத்தில் என் பெயரை முழுசாகப் போடுங்கள். அதில் மட்டும் கழிவு விடக் கூடாது.